மெனேர் போன நாள்

எங்கள் ஊர் தமன்ரெஜோவிலிருந்து தலைநகரத்துக்குப் போகிற பஸ்களில் சமிதின் அண்ணனுடைய பஸ்ஸில் மட்டும்தான் பாலம் ஏறியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். போனில் பேசுகிறவர்கள் போனை வைத்துவிட வேண்டும். குழந்தை அழுதால் அம்மாக்காரி அதன் வாயில் எதையாவது திணிக்க வேண்டும். ஏனென்றால் பாலத்தின் உச்சியில், ஆற்றுக் காற்று ஜன்னலுக்குள் வந்து மோதுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் மெனேர் பாடுவார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிற கூண்டுக்குள், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு கறுப்புக் குருவி. தடித்த அலகு, இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி. நாங்கள் ட்வாட்வா என்போம். ஒருமுறை ஏதோ அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி பாலத்தின் மேல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். இறங்கும்போது அண்ணன் அவளிடம் காசு வாங்கவில்லை. "நாளைலேர்ந்து வேற பஸ்ல வாம்மா" என்றார்.

மெனேர் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத்தான் கூப்பிடுவோம். தலையைச் சாய்த்து, நீ வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் என்பதுபோல அந்தக் குருவி பார்க்கும். அதனால் அந்தப் பேர். அண்ணன் அதை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. மெனேர் குளித்தாரா, மெனேர் சாப்பிட்டாரா என்றுதான் கேட்பார். அவர் அப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டோம்.

நான் பொனியெம். பஸ் திரும்புகிற முனையில் சோத்துக்கடை வைத்திருக்கிறேன். பாமி நூடுல்ஸும் சூப்பும் வறுத்த மரவள்ளியும் என் கடையில் கிடைக்கும், வாய்ச்சண்டையும் கிடைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சமிதின் அண்ணனுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதை ஊரில் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். "ஒரு குருவிக்குப் போய் இந்தப் பாடா" என்று மட்டும் சொல்வார்கள். செய்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டினார். அண்ணன் பதினாலு வயதில் கரும்பு வண்டி ரயிலுக்கு எண்ணெய் விடப் போனார், பிறகு ஆலைக்குள் இயந்திரம் பார்த்தார். வில்கோ சிநேகிதனானது அங்கேதான். வில்கோ ஆலையில் மின்சார வேலை பார்த்தவன், ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரன். அவன் சிரித்தால் என் கடைக் கூரைத் தகரம் அதிரும். ஆலை ஒருநாள் நின்றது. அடுத்த வாரம் திறக்கும் என்றார்கள், அடுத்த மாதம் என்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் சாப்பாட்டுத் தூக்கோடு ஏழு மாதம் தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கடைசியில் வில்கோதான் போய், "டேய் சமி, இது திறக்காதுடா, வாடா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அதற்கப்புறம்தான் பஸ் வாங்கினார். அந்த ஏழு மாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, எனக்கு மட்டும்தான் தெரியலை" என்பார். அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஹாலந்துக்குப் போய்விட்ட வருஷம் மெனேர் வந்தார். யாரோ ஒரு தங்கச் சுரங்கத்துக்காரன் போதையில் பஸ்ஸிலேயே கூண்டை விட்டுவிட்டு இறங்கிவிட்டான். அண்ணன் மூன்று வாரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் விசாரித்தார். யாரும் கேட்டு வரவில்லை. பைனா அண்ணி முதலில் முறைத்தாள். "இருக்கிற ஒரு ஆம்பளைக்கே வடிச்சுக் கொட்ட முடியலை, இதுல இன்னொண்ணா?" என்றாள். நாலாம் நாள் அவள் வெங்காயம் வதக்கும்போது குருவி பாடத் தொடங்கியது. அண்ணி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றாளாம். அதிலிருந்து சமையலுக்கு வெங்காயம் தேவையோ தேவையில்லையோ, அந்த வீட்டில் தினமும் வெங்காயம் வதங்கியது. ஹாலந்திலிருந்து பிள்ளைகள் போனில் கூப்பிட்டால் "மெனேரைக் காட்டுப்பா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மா அப்பா முகமெல்லாம் அப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் போட்டி. இரண்டு கம்பம், இரண்டு கூண்டு, எதிரும் புதிருமாக. கால் மணி நேரத்தில் எந்தக் குருவி அதிக அடி பாடுகிறது என்று பலகையில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். நான் அங்கே ஓரமாகத் தார்ப்பாய் கட்டி மரவள்ளி வறுப்பேன். ஆண்கள் பெண்டாட்டியைக்கூட அப்படிக் கவனித்துப் பார்த்திருக்கமாட்டார்கள், குருவியை அப்படிப் பார்ப்பார்கள். மெனேர் பெரிய வீரரெல்லாம் இல்லை. ஒருநாள் எழுபது அடி பாடுவார், மறுவாரம் விதையைக் கொறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வில்கோ கிண்டல் செய்வான்.

"உன் வாத்தியாரு இன்னைக்கு லீவு போலடா."

"உன் குருவி ஆறு வருஷமா லீவுல இருக்கே, அதைக் கேளு முதல்ல" என்பார் அண்ணன்.

வில்கோவின் குருவி வாயே திறக்காது. அது அவனுக்கு மனதுக்குள் உறுத்தல்தான். மற்றவர்கள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணன் என் கடையில் சூப்பு குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்டி கையிலிருந்து நழுவியது. இதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறக்க வேண்டும், நாலு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். அண்ணி அவர் பக்கத்திலேயே தங்க முடிவு செய்தாள். கூண்டை வில்கோவிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று என் கடை பெஞ்சில் வைத்துத்தான் ஒப்படைத்தார்.

"காலையில விதை. ரெண்டு வேளை தண்ணி. கூண்டுத் துணியை ஏழு மணிக்கு முன்னாடி எடுக்காத" என்றார்.

"சரிங்க முதலாளி."

"ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு மட்டும் கொண்டு போகாத."

"ஏன்டா, தோத்துட்டு வந்துடுவேன்னு பயமா?"

"தோத்தா தோக்கட்டும். அவர் பாடினாலும் நான் பக்கத்துல இல்லையேன்னு இருக்கும், பாடலைன்னாலும் அப்படித்தான் இருக்கும். வேணாம்டா. நான் வந்தப்புறம் போகலாம்."

"சத்தியமா போகமாட்டேன்" என்றான் வில்கோ. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் மைதானத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறேன், வில்கோ மெனேரின் கூண்டோடு வந்து நிற்கிறான்.

"என்ன வில்கோ, சத்தியம் பண்ணினியே" என்றேன்.

"பொனி, வாயை மூடு. ஜெயிச்சதும் பலகையோட ஒரு படம் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவன் கையில குடுக்கப் போறேன். மருந்து மாத்திரையெல்லாம் அதுக்குக் கால் தூசி."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான் தடுக்கவில்லை. மெனேர் அன்றைக்குப் பாடினார் பாருங்கள், பலகையில் கோடு போட இடமில்லாமல் பக்கத்துப் பலகையிலும் போட்டார்கள். நூற்று இருபத்தாறு. எட்டு வருஷத்தில் அவர் பாடாத பாட்டு. வில்கோ குழந்தைபோலக் குதித்தான். படம் எடுத்தார்கள். அப்போது தூறல் விழுந்தது.

"மெனேரை நனைய விடாத, காருக்குள்ள வை" என்றேன் நான்.

அவன் வைத்தான். மழை உள்ளே அடிக்கக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தான். எல்லோரும் என் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினோம். பீர் வந்தது. நூற்று இருபத்தாறு கதையை வில்கோ மூன்று தடவை சொன்னான், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொன்னான். தூறல் எப்போது நின்றது, வெயில் எப்போது வந்தது என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

கூண்டின் தரையில் கிடந்தார். அலகு திறந்திருந்தது. வில்கோ காரின் சக்கரத்தில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அண்ணிக்குப் போன் போட்டோம்.

"அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள். "அதே மாதிரி ஒண்ணு பார்த்து வைங்க. வீட்டுக்கு வந்து தேறட்டும். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

வில்கோ அன்றைக்கே சவன்னாப் புல்வெளிப் பக்கம் போய், குருவி பிடிக்கிற ஒருவனிடம் அதே வளர்த்தியில், அதே வெள்ளைப் புள்ளியோடு ஒன்றை வாங்கி வந்தான். மெனேரை நான் என் தலைத் துணியில் சுற்றி, கடைக்குப் பின்னால் மாமரத்தடியில் புதைத்தேன். கோடு போட்டவர்கள், போட்டிக்கு வந்தவர்கள், பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தோம். யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அண்ணன்மேல் பாசம். பாசத்தோடு ஒரு ஊரே சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டது.

அண்ணன் வீடு திரும்பிய வெள்ளிக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றோம். நெஞ்சில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, யாரிடமும் பேசாமல் நேராகக் கூண்டுக்குப் போனார். துணியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கம்பி இடுக்கில் விரலை நீட்டினார். குருவி பின்னால் நகர்ந்து கூண்டின் மூலைக்குப் போனது.

"மெனேர் கொஞ்சம் இளைச்சுட்டாரு" என்றார் அண்ணன்.

"உன்னை நினைச்சு ஏங்கிட்டாருடா" என்றான் வில்கோ. "இறகு உதிர்ற நேரம் வேற. பாடவே மாட்டேங்கிறாரு."

"அப்படியா" என்றார் அண்ணன். துணியைத் திரும்பப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

தெருவுக்கு வந்ததும் நாங்கள் பெருமூச்சு விட்டோம். வில்கோ என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் சிரித்தேன்கூட. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னை அறையலாம்போல இருக்கிறது.

அதற்கப்புறம் அண்ணி சொல்வாள் என்று நான் இருந்தேன். வில்கோ சொல்வான் என்று அண்ணி இருந்தாள். வில்கோ என் முகத்தைப் பார்ப்பான். தேறட்டும், தேறட்டும் என்று வாரம் போனது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், அதனால் அண்ணன் தினமும் மத்தியானம் கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு என் கடைவரைக்கும் நடந்து வந்து சூப்பு குடிப்பார். அந்தக் குருவியோடு முணுமுணுவென்று பேசிக்கொண்டிருப்பார். விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறார்போல என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் கேட்டார்.

"பொனி, நான் இல்லாதப்ப மெனேரு எப்படி இருந்தாரு?"

நல்லா இருந்தாருன்னு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"வில்கோ வீட்டு வாசல்ல தொங்கிட்டே இருப்பாருண்ணே. பஸ் சத்தம் கேட்டா போதும், தலையைத் தூக்கிப் பார்ப்பாரு. உங்க பஸ் இல்லைன்னு தெரிஞ்சதும் திரும்ப முகத்தைத் தொங்கப் போட்டுக்குவாரு."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்புறம்?" என்றார்.

நான் மேலும் சொன்னேன். ஒருநாள் விதையே தொடவில்லை என்றேன். வில்கோ கையால் ஊட்டினான் என்றேன். அவர் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு அத்தனை தடவை வாய்ப்புக் கொடுத்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்படியே நாலைந்து வாரம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை வந்து, "வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுல சோறு போடறேன் பொனி. உன் கை சமையல் வேணும்" என்றார்.

"எதுக்குண்ணே?"

"உடம்பு தேறினதுக்குத்தான்."

எனக்குச் சந்தோஷம். "அப்ப ரெண்டு முழுக் கோழி வேணும்" என்றேன்.

"கோழி வேணாம்."

"கோழி இல்லாம என்ன விருந்துண்ணே? துருனோ ஐயா ஓத வந்துட்டு இலையைப் பார்த்துட்டு எழுந்து போயிடுவாரு."

"முட்டையும் வேணாம். காய், தேங்காய், சோயாக்கட்டி போதும்" என்றார். ஆஸ்பத்திரிப் பத்தியம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஆண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் கூம்பாகக் குவித்த சோறு. ஓதுகிற துருனோ ஐயா, பக்கத்து வீட்டுக்காரர்கள், மைதானத்தில் கோடு போடுகிறவர்கள் இரண்டு பேர், காலை மடக்க முடியாமல் திண்டாடுகிற வில்கோ. நானும் அண்ணியும் சமையலறை வாசலில் நின்றோம். ஓரத்தில் கூண்டு தொங்கியது. எங்கள் வழக்கத்தில் வீட்டுக்காரர் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இந்தச் சோறு யாருக்காக, எதற்காக என்று. சாவுச் சோறாக இருந்தால் எத்தனையாம் நாள் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் யாரும் கை வைக்கமாட்டோம்.

அண்ணன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"உடம்பு தேறினதுக்குன்னு சொல்லி உங்களைக் கூப்பிட்டேன். அது பொய். உங்ககிட்ட நான் சொன்ன ஒரே பொய் அதுதான், மன்னிச்சுடுங்க. இந்தச் சோறு மெனேருக்கு."

கூண்டில் அந்தக் குருவி விதை கொறிக்கிற சத்தம் கேட்டது.

துருனோ ஐயா தாடியைத் தடவினார். "சமிதின், குருவிக்கெல்லாம் ஓதறது நம்ம வழக்கத்துல..."

"ஓத வேணாம்யா. உட்கார்ந்திருந்தா போதும். ஆனா எத்தனையாம் நாள்னு நான் சொல்லணுமில்ல? அவர் போன நாள் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க எல்லாரும் இங்க இருக்கீங்க. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"டேய் சமி" என்றான் வில்கோ. குரல் உடைந்திருந்தது. "உனக்கு எப்படி, எப்ப..."

"துணியை எடுத்ததுமே தெரியும். எட்டு வருஷம் கூட இருந்தவரை எனக்குத் தெரியாதாடா? என் விரலைப் பார்த்து அவர் ஒதுங்குவாரா? நீ சொல்லுவேன்னு பார்த்தேன். ஆலைக் கதவுல நின்னவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவன் நீ. நீ சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்."

எனக்குப் பின்னாலிருந்து அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். "உங்க உசுருக்காகத்தான். நெஞ்சைக் கிழிச்சுத் தச்சிருக்கும்போது எப்படிச் சொல்றது?"

"தையல் நல்லாத்தான் போட்டிருக்காங்க பைனா. நீ சொல்லியிருந்தா பிரிஞ்சிருக்காது." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "ராத்திரி எல்லாம் நீ முழிச்சுட்டு இருந்தே, நானும் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். அவருக்காக நான் தனியா அழ வேண்டியதாப் போச்சு. அதுவும் குளிக்கிற இடத்துல, தண்ணியைத் திறந்து விட்டுட்டு."

அண்ணி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நாளைச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

கோடு போடுகிற இருவரும் பாயின் பின்னலை ஆராய்ந்தார்கள். வில்கோ கண்ணைத் துடைத்தான், வாயைத் திறந்தான், மூடினான். நூற்று இருபத்தாறை மூன்று தடவை சொன்ன வாய் அது. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது, அவன்மேல் வந்ததா என்மேல் வந்ததா என்று தெரியவில்லை. பெண்கள் பாய்க்கு வரமாட்டோம். நான் வந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமையோட எட்டு வாரம்ணே. மைதானத்துல. நல்லாப் பாடினாரு, ஜெயிச்சாரு. தூறல் போட்டுச்சு. காருக்குள்ள வைன்னு சொன்னது நான்தான். அப்புறம் வெயில் வந்துடுச்சு. நாங்க சிரிச்சுப் பேசிட்டு இருந்தோம்."

மைதானம் என்றதும் அண்ணன் வில்கோவை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலை மார்பைத் தொட்டது.

"எங்க இருக்காரு?" என்று என்னைக் கேட்டார்.

"கடைக்குப் பின்னால. மாமரத்தடியில."

"நான் உட்கார்ற பெஞ்சுக்கு எந்தப் பக்கம்?"

"முதுகுப் பக்கம்ணே. ஏழெட்டு அடி."

தலையை ஆட்டினார். பிறகு விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். எங்களுக்கு மூன்றாம் நாள் உண்டு, ஏழாம் நாள் உண்டு, நாற்பதாம் நாள் உண்டு, நூறாம் நாள் உண்டு. அவர் வாய்க்குள் எண்ணுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு விரலில் நின்றார். திரும்ப எண்ணினார், அதே விரலில் நின்றார்.

"நாப்பதாம் நாள், போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை" என்றார். "அன்னைக்கு உன் கடைக்கு வந்தேன் பொனி. நீ சூப்புல எனக்காக ரெண்டு கைப்பிடி முளைக்கட்டின பயறு அதிகமாப் போட்டே. 'மெனேரு இன்னைக்காவது பாடினாராண்ணே'ன்னு கேட்டே. சிரிச்சுட்டே கேட்டே."

எனக்கு ஞாபகம் வந்தது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சோற்றின் பக்கம் திரும்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முறைப்படி சொன்னார். "இந்தச் சோறு மெனேருக்கு. ஐம்பத்தி நாலாம் நாள். அப்படி ஒரு நாள் நம்ம வழக்கத்துல கிடையாது. எனக்குக் கிடைச்சது அதுதான். சாப்பிடுங்க."

துருனோ ஐயா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி ஏதோ ஓதினார். குருவிக்காக ஓதினாரா, எங்களுக்காக ஓதினாரா, நான் கேட்கவில்லை. எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். மறுத்து எழ யாருக்கும் தைரியமில்லை.

சாப்பிட்டதும் வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பது வழக்கம். அதை வீட்டுப் பெண்கள்தான் கட்டுவார்கள். அன்றைக்கு அண்ணனே இலை மடித்து, நாரால் கட்டி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். வில்கோவிடம் கொடுக்கும்போது, "இதை எங்க பிடிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்று கூண்டைக் காட்டினார். "தினமும் நான் அதுகிட்ட கேட்டுட்டு இருந்தேன், உன் இடம் எதுன்னு. அது என்ன சொல்லும் பாவம். நாளைக்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டுடணும்." வில்கோ இடத்தைச் சொன்னான். "நானும் வரேன்டா" என்றான். அண்ணன் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

என் பேர் கடைசியில் வந்தது. பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. நான் சமைத்த சோறுதான். வாங்கிக்கொண்டு நகர மனம் வரவில்லை.

"நூறாம் நாளை விட்டுடக் கூடாதுண்ணே" என்றேன். "நானே வந்து சமைக்கிறேன். எத்தனை பேரு வந்தாலும் சரி."

"நூறாம் நாள் கண்டிப்பா உண்டு" என்றார் அண்ணன், நாரின் மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டே. "யாரையும் கூப்பிடறதா இல்லை பொனி."